கட்டிப்போட்ட கைகள்

அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவு மேசையில் வேலை பார்த்தவளுக்கு ஆண்டவரோடு தீராத வழக்கு ஒன்று இருந்தது. காது கேளாத தம்பிக்காகச் சின்ன வயதிலேயே சைகை மொழி கற்றவள் அவள். தம்பி காய்ச்சலில் போனபின் அந்தப் பேச்சும் நின்றுபோனது. பேச ஆளில்லாத பாஷையை எனக்கு ஏன் கொடுத்தீர் என்று ஜெபத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். ஒவ்வொருவருக்கும் தேவன் ஒரு வேலை வைத்திருக்கிறார் என்று போதகர் சொன்னதை நம்பி, சபையின் பாட்டுக் குழுவில் சேர்ந்து பார்த்தாள். இரண்டாவது வாரமே குழுத்தலைவி, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார்.

அன்று பிற்பகல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் ஓர் ஆளை இழுத்து வந்தார்கள். உடம்பெல்லாம் சேறு, நெற்றியில் வெட்டு. நடுரோட்டில் வண்டிகளை மறித்தானாம். தடுக்கப் போனவர் சட்டையைக் கிழித்தானாம். முழுக் குடி என்றார் ஒருவர். கட்டிலில் கிடத்தியதும் திமிறி எழுந்தான்; நர்ஸுக்கு முழங்கையால் ஓர் இடி விழுந்தது. இரு மணிக்கட்டுகளையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அவன் தொண்டையிலிருந்து முரட்டுச் சத்தம் மட்டும் வந்தது. டாக்டர் மயக்க ஊசியை எடுத்தார்.

பெயர் விசாரிக்க அவள் கிட்டே போனபோது, அவன் தலைமாட்டில் ஓர் இரும்புத் தட்டு தடாலென்று விழுந்தது. அறையே திரும்பிப் பார்த்தது. அவன் திரும்பவில்லை.

கட்டுக்குள் அவன் விரல்கள் திரும்பத் திரும்ப ஒரே சைகையைச் செய்துகொண்டிருந்தன.

"ஊசி வேண்டாம் டாக்டர். இவருக்குக் காது கேக்காது. கையை அவுத்து விடுங்க."

"அவுத்தா அடிப்பான்மா," என்றார் போலீஸ்காரர்.

"அந்தக் கைதான் சார் அவருக்கு வாய். வாயைக் கட்டிட்டா எப்படிப் பேசுவாரு?"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு அவரே கட்டை அவிழ்த்தார்.

கைகள் பறந்தன. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இவன் சைகை தம்பியுடையது போலவும் இல்லை. ஆண்டவரே, மறந்துபோச்சே என்று உள்ளுக்குள் கதறியபடி, 'மெதுவாக' என்று கையால் காட்டினாள். அவன் அப்படியே அசந்துபோய்ப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்: வண்டியைத் திருப்பும் கைகள். சரிவு. மோதிர விரல். நெஞ்சளவு தண்ணீர். கழுத்தளவு.

"கார் கவுந்திருக்கு," என்றாள் அவள். "மனைவி உள்ள மாட்டிக்கிட்டிருக்காங்க. தண்ணி ஏறுது."

எங்கே என்று கேட்டாள். சேற்று விரலால் அவன் படுக்கை விரிப்பில் ஒரு வளைவையும் பாலத்தையும் பக்கத்தில் உயரமான புகைபோக்கியையும் வரைந்தான். குடி என்று சொன்ன போலீஸ்காரருக்கு இடம் தெரிந்தது. வயர்லெஸ்ஸில் கத்தியபடியே வெளியே ஓடினார்.

அதன்பின் காத்திருப்பு. அந்த இடத்துக்குப் போய்விட்டார்களா, போய்விட்டார்களா என்று அவன் கேட்டுக்கொண்டேயிருந்தான். அவளும் பதில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். கார் அகப்பட்டது என்று மற்ற போலீஸ்காரரின் வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. அப்புறம் வெறும் இரைச்சல். அவள் வாசல் பக்கம் பார்க்கவே பயந்தாள். கடைசியில் குரல் வந்தது: "உயிர் இருக்கு. கூட்டிட்டு வர்றோம்."

அதைக் கையால் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கண்ணீர் கண்ணை மறைத்தது.

மனைவிக்கும் காது கேட்காதாம். அந்தப் பெண்ணின் உடைந்த காலுக்கு அறுவை சிகிச்சை முடியும்வரை இவள்தான் பக்கத்தில் இருந்தாள். மறுவாரமே முறையான சைகைப் பயிற்சியில் சேர்ந்தாள். இப்போது எந்த வார்டிலிருந்தும் அவளைக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போதகருக்குப் பக்கத்தில் நின்று, காது கேளாதவர்களுக்காகப் பிரசங்கத்தைக் கைகளால் சொல்கிறாள். எல்லாம் சுகமான வேலை இல்லை. ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் என்று அவள் கையால்தான் சொல்ல வேண்டியிருந்தது. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

தம்பியை ஏன் எடுத்துக்கொண்டீர் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அவளும் கேட்பதை விடவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், ஜெபத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.