நாலு சுவருக்கும் ஒரே நிறம்

"இறுக்கிப் பிடிங்க அண்ணி, டேப் தொங்குது" என்றான் பெயிண்டர் ஏணி.

அவள் டேப்பின் நுனியை ஹால் மூலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஏணி மறுமுனைக்குப் போய் அளவைப் பார்த்தான், வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். படுக்கையறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன், ஊரறிந்த பெயிண்டிங் மேஸ்திரி, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். நுரையீரலுக்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்தாயிற்று. இன்றோ நாளையோ என்ற நிலைமை. ஆனால் நினைவு தப்பவில்லை, காது நன்றாகவே கேட்டது.

"சத்தமாச் சொல்லுங்க அளவை" என்றாள்.

"அவரு காதுல விழுமே அண்ணி."

"விழட்டும்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்."

ஏணி என்பது அவன் உயரத்துக்கு வைத்த பெயர். ஒரு காலத்தில் மேஸ்திரியின் கூட்டாளி. பிரிந்துபோய், மேஸ்திரிக்கு வரவேண்டிய வேலைகளைக் குறைந்த கூலிக்குத் தட்டிக்கொண்டு போனவன். அவன் பேச்சை எடுத்தால் நாக்கை அறுத்துவிடுவேன் என்று மேஸ்திரி வீட்டில் சொல்லி வைத்திருந்தார். ஊரில் வேறு பெயிண்டரே இல்லையா என்றால், தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அவள் தேடிப்பிடித்து இவனை வரவழைத்தாள்.

ஏணி சுவர்களைச் சுற்றிப் பார்த்தான். சிரிப்பை அடக்கியது அவளுக்குத் தெரிந்தது. சிரிக்காமல் என்ன செய்வான்! ஹாலின் ஒரு சுவர் பல் டாக்டர் கிளினிக்கில் மிஞ்சிய பச்சை. எதிர்ச்சுவர் ஏதோ ஒரு லாட்ஜின் ரோஸ். சமையலறைக்குப் பள்ளிக்கூடத்து மஞ்சள், அதுவும் இடுப்புயரம் வரைதான். டப்பா அங்கே காலியாகிவிட்டது. அடுத்த வேலையில் மிஞ்சினால் மீதியை அடித்துவிடலாம் என்றார். கல்யாணமாகி வந்த வருஷம் சொன்னது. மகளுக்கே கல்யாணமாகிவிட்டது, அந்த மஞ்சள் இன்னும் மேலே ஏறவில்லை.

ஊரார் வீட்டு எச்சில் நிறத்தில் குடித்தனம் நடத்திச் சலித்துப்போய், தைத்துச் சேர்த்த காசை ஒருமுறை அவர் கையில் கொடுத்தாள். "ஒரு ரூமுக்காவது புது டப்பா வாங்குங்க. நாலு சுவரும் ஒரே நிறமா இருக்கட்டும்." அவர் அந்தக் காசைப் போட்டு ஸ்ப்ரே மெஷின் வாங்கினார். பணக்கார வீட்டு அம்மாக்களோடு நிற அட்டையை விரித்துவைத்து, தந்தமா சந்தனமா என்று மணிக்கணக்காகக் கொஞ்சும் மனுஷன், "குழம்புச் சட்டிக்கு எதுக்குடி பவுடர்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

மகள் அப்பாவுக்கு வாய் துடைத்துவிட்டு, ஈரத்துணியோடு வெளியே வந்தாள்.

"உனக்கே இது நல்லா இருக்காம்மா? உசிரு போற நேரத்துல எஸ்டிமேட்டா?"

"போனப்புறம் போட்டா அவருக்கு எப்படிடி தெரியும்?"

மகள் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். ஈரத்துணியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏணி கணக்கைச் சொல்லத் தொடங்கினான். சுவர்ப் பள்ளங்களை அடைக்கும் பட்டி, பிரைமர், இரண்டு கோட்டு எமல்ஷன் பெயிண்ட், ஆள் கூலி. இந்த முறை குரலை உயர்த்தியே சொன்னான். பழைய பகை அவனுக்கும் கொஞ்சம் இனித்ததோ என்னவோ. சாமானுக்கு அவளிடம் பணம் இருந்தது. கூலிக்கு இல்லை. அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

"கூலிக்குப் பதிலா பின்னாடி இருக்கற ஏணி, சாரக் குழாய் எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"மேஸ்திரியோட ஏணிங்களையா?"

"ஆமா. அவருக்கு இனிமே எங்க ஏறணும்?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் தான் சொன்ன ஒரு வார்த்தை அவரைத் தொட்டுவிட்டது என்ற சந்தோஷம். ஸ்ப்ரே மெஷினை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அதை என் அக்கா மகனுக்குக் கொடுத்துவிடு என்று மேஸ்திரி அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். போகிறவர் கேட்டது, போகட்டும் என்று விட்டிருந்தாள்.

கடைசியாகப் படுக்கையறை. ஏணி தலையைக் குனிந்து நுழைந்தான். மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமல் கட்டிலை ஒட்டிய சுவருக்குப் போய், பட்டித் தகட்டால் லேசாகச் சுரண்டினான். முகம் சுருங்கியது. வேறோர் இடத்தில் சுரண்டினான்.

"அண்ணி, இது எனாமல். கதவு, ஜன்னலுக்கு அடிக்கற எண்ணெய்ப் பெயிண்ட்டு. சுவத்துல யாராவது அடிப்பாங்களா? ஹால்லயும் இதேதான்னு நினைக்கறேன்."

"அடிச்சா என்ன?"

"இதுமேல தண்ணி கலந்த எமல்ஷன் நிக்காது. பாலாடை மாதிரி உரிஞ்சு வந்துடும். மொத்தத்தையும் காரை தெரியறவரைக்கும் சுரண்டணும். அடிக்கற கூலியைவிடச் சுரண்டற கூலி ஜாஸ்தி. ஏணி, சாரமெல்லாம் அதுக்குக் காணாது, பத்தவே பத்தாது."

சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று மகள் ஓடிவந்து முதுகைத் தாங்கினாள். இருமல் இல்லை. மேஸ்திரி சிரித்தார். ஒட்டிப்போன கன்னம் குலுங்க, மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"நிக்காதுடி" என்றார்.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. சாகும்போதும் ஜெயிக்கணுமா இந்த மனுஷனுக்கு! கட்டில் அருகே போய், அவர் முகத்துக்கு நேராகக் குனிந்துகொண்டு, ஏணியிடம் சொன்னாள்.

"ஸ்ப்ரே மெஷினையும் சேத்துக்குங்க. இப்ப காணுமா?"

ஏணி மேஸ்திரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "தாராளமாக் காணும் அண்ணி" என்றான்.

சிரிப்பு நின்றது. மேஸ்திரியின் வலது கை போர்வைக்கு வெளியே வந்து, எதையோ பிடிப்பதுபோல் விரல்களை மடக்கியது. வாய் திறந்தது. கண்கள் அவள்மேலேயே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவை அவளைப் பார்க்கவில்லை என்று புரிந்தது.

மகள் "அப்பா" என்று அலறினாள். ஏணி தகட்டை ஜன்னலில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

"நான் அப்புறமா வரேன் அண்ணி. சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லணுமே, யாருக்குச் சொல்லட்டும்?"

அவள் நிமிர்ந்தாள். ஜன்னலிலிருந்து தகட்டை எடுத்தாள். கட்டிலுக்கு மேலே சாய்ந்து, சுவரில் வைத்து அழுத்தி இழுத்தாள். முதலில் வெறும் கீறல்தான் விழுந்தது. மறுபடி இழுத்தாள். சாம்பல் நிறம் சுருண்டு வந்தது, அதன் கீழே நீலம், நீலத்துக்கும் கீழே யார் வீட்டுடையதோ ஒரு பழுப்பு.

"அம்மா, விடும்மா. அப்பா மேல விழுதும்மா" என்று மகள் கையைப் பிடித்தாள்.

அவள் குனிந்து பார்த்தாள். அவர் மீசையில் ஒரு நீலத் துணுக்கு ஒட்டியிருந்தது. வாயால் ஊதினாள். அது போகவில்லை. மகளின் கையை மெல்ல விலக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுரண்டத் தொடங்கினாள்.