கல்யாணமான குரல்

சினிமாவில் கூட்டம் பேசுவதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். பேசுவது யார் என்று யாரும் கேட்டதில்லை. ரயில் நிலையத்தில் "தள்ளுப்பா, தள்ளு" என்று முனகும் கிழவி, ஆஸ்பத்திரியில் "அடுத்தது யாரு?" என்று எரிந்து விழும் நர்ஸ், பள்ளிக்கூட வாசலில் "மிஸ், இவன் கிள்ளுறான்" என்று அழும் குழந்தை. இந்திப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இத்தனை பேரும் ஒரே பெண்தான். அதனால் அங்கே அவளுக்குக் கும்பலக்கா என்று பெயர். அவளும் அதைக் கோபித்துக்கொள்ளாமல் பட்டம் போல வைத்துக்கொண்டாள்.

அவள் கணவனுக்கு அதே கூடத்தில் ஹீரோ சார் என்று பெயர். எந்த இந்திக் கதாநாயகன் வாயைத் திறந்தாலும் தமிழில் வருவது அவன் குரல். அவள் முதலில் கல்யாணம் செய்துகொண்டது அந்தக் குரலைத்தான் என்று அவள் தங்கை கேலி செய்வாள். அதில் பொய்யில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றவன் பேசியதை ஹெட்போனில் கேட்டாள். அவன் திரும்புவதற்குள் அவள் மனசு முடிவு செய்துவிட்டது. முகம் அதற்கப்புறம்தான் வந்தது. அதுவும் பரவாயில்லாமல் இருந்தது.

எட்டு வருஷம் படங்களில் அவன் காதலித்தான், அவள் கூட்டமாக நின்றாள். கதாநாயகிக்கு வழக்கமாகப் பேசுகிற பெண் பிள்ளைப்பேற்றுக்குப் போனபோதுதான் ஒரு புதுப் படம் வந்தது. பாட்டுக்குப் பஞ்சமில்லாத இந்திக் காதல் படம். பாட்டுகளை இந்தியிலேயே விட்டுவிட்டு வசனத்தை மட்டும் தமிழாக்குவது என்று தமிழ் உரிமையை வாங்கிய அம்மாள் முடிவு செய்தாள். அவளை எல்லோரும் முதலாளியம்மா என்பார்கள். அவளிடம் போய், "எங்க வீட்டுலயே ஒருத்தி இருக்கா, போட்டுப் பாருங்க" என்று சொன்னவன் கணவன்தான். இதை முதலில் சொல்லிவிடுவது நியாயம்.

கும்பலக்கா ஊரைக் கூட்டிவிட்டாள். அப்பாவுக்குச் சொன்னாள், தங்கைக்குச் சொன்னாள், மாடி வீட்டுக்குச் சொன்னாள், இஸ்திரி போடுகிறவருக்குக்கூடச் சொன்னாள். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்தில் பாதிக் காதை விட்டவர். "ஹீரோயினா? சாகுற பாட்டி இல்லையே?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். போன படத்தில் அவள் சாகிற பாட்டிக்குப் பேசியிருந்தாள். அவர் உண்மையாகவே அழுதிருந்தார்.

டப்பிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். காலையில் அவள் போய்க் கதாநாயகியைப் பேசிவிட்டு வருவாள். மாலையில் அவன் போய்ப் பதில் சொல்லுவான். எதிரில் ஆளில்லாமல் திரையைப் பார்த்து "உன்னைப் பார்க்காத நாளெல்லாம் நாளே இல்லை" என்று சொல்ல முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணை மூடி அவனை நினைத்துக்கொண்டாள். குடித்தனம் தொடங்கிய பிறகு காய்கறிக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் அவனிடம் சொல்ல வாய்க்காததையெல்லாம் அந்த மைக்கிடம் சொன்னாள். ஒலிப்பதிவாளர் பேச்சைக் குறைத்துக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர். 'காது' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவரே ஒரு காட்சி முடிந்ததும் வெளியே வந்து, "கும்பலக்கா, இவ்வளவு நாள் இதை எங்க வெச்சிருந்தீங்க?" என்றார்.

எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு நாள் சாப்பிடும்போது கணவன் சொன்னான்:

"நாளைக்கு ஒரு நடை வந்துட்டுப் போயிடேன். கல்யாணக் காட்சியில கூட்டம் காலியா கேக்குதாம். ரெண்டு வரி."

"ஹீரோயினே போய்க் கும்பல்ல நிக்கணுமா?"

"உன்னை விட்டா யாரு இருக்கா?"

அந்த வார்த்தைக்கு மயங்கிப் போனாள். வயசான அத்தையாக ஒரு வரி, பக்கத்து வீட்டுக்காரியாக ஒரு வரி பேசினாள். அன்று காது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓகேக்கா, ஓகேக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். உடம்பு சரியில்லையோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

படம் வெளியானது. "முதல் வாரம் வேண்டாம், கூட்டம் அடங்கட்டும்" என்று கணவன் தள்ளிப் போட்டான். அடுத்து, டிக்கெட் கிடைக்கவில்லை என்றான். தங்கையின் கணவன் எதையும் ஆறப்போடாத ஆள். ஐந்து டிக்கெட்டை வாங்கி வந்து, "அண்ணே, உங்களுக்கு வேலை இருந்தா பரவால்ல, உங்க குரல் அங்க வந்து உக்காந்துக்கும்" என்றான். வேறு வழியில்லாமல் கணவனும் வந்தான்.

மதியக் காட்சி. அப்பா சலவைச் சட்டையில் நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் அவள், அவளுக்கு அடுத்து கணவன். திரையில் கதாநாயகி பஸ்ஸை விட்டுவிட்டு மழையில் ஓடி வந்தாள். மூச்சு வாங்கினாள். வாயைத் திறந்தாள்.

வந்தது கும்பலக்காவின் குரல் இல்லை.

இளசான, கொஞ்சம் மூக்கால் பேசுகிற, சிணுங்கலான ஒரு குரல். வானொலியில் நேயர் விருப்பம் நடத்துகிற பெண்ணின் குரல் என்று அடுத்த வரியிலேயே தெரிந்துவிட்டது. முதல் காட்சியில் மட்டும் ஏதோ கோளாறாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது காட்சியிலும் அதே குரல். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தான் பேசிய படத்தை எந்த நாளும் இவ்வளவு கவனமாக அவன் பார்த்ததில்லை.

"அடேங்கப்பா, உன் குரலா இது! தேன் மாதிரி இருக்கே!" என்றார் அப்பா, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. முன்வரிசையே திரும்பியது. தங்கை எட்டிப் பார்த்து, "அக்கா, எப்படிக்கா இப்படி மாத்திப் பேசுற? எனக்கே அடையாளம் தெரியல" என்றாள்.

கிழவியாகவும் குழந்தையாகவும் பேசத் தெரிந்தவளுக்கு இருபது வயசுக்காரியாகப் பேசத் தெரியாதா? அவர்கள் நம்பினார்கள். அவள் கற்ற வித்தையே அவளுக்குக் குழி பறித்தது.

இன்னொன்றையும் அவள் கேட்டாள். மற்ற யாருக்கும் அது கேட்டிருக்காது. காதலன் ஒன்று சொல்ல, காதலி சிரிக்க, அந்தச் சிரிப்பின் மேலேயே அவன் சிரிப்பும் ஏறிக்கொண்டது. தனித்தனியாகப் பேசினால் அப்படி வராது. ஒரே மைக்கில், தோளோடு தோள் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினால்தான் வரும். அவளோடு அவன் ஒரு வரிகூட அப்படி நின்று பேசியதில்லை. "அவங்கவங்க நேரத்துக்குப் பேசினாத்தான் சுத்தமா வரும்" என்று பாடம் எடுத்திருந்தான்.

இடைவேளைக்கு முன் கல்யாணக் காட்சி. மண்டபம் நிறைய விளக்கு, கூட்டம், பாட்டு. பாட்டு அடங்கியதும் ஒரு வயசான அத்தை மணமக்களைப் பார்த்துச் சொன்னாள்: "ஜோடின்னா இது ஜோடி! யார் கண்ணும் படாம நூறு வருஷம் நல்லா இருங்க!"

அது அவள் குரல். அத்தனை பெரிய படத்தில் அவளுக்கென்று மிஞ்சிய குரல். அவளைத் தூக்கிவிட்டு வேறொருத்தியை வைத்த பிறகு, அவளையே அழைத்துக்கொண்டு போய், அவர்களை வாழ்த்த வைத்திருக்கிறார்கள். அழைத்துக்கொண்டு போனவன் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

விளக்கு போட்டதும் கணவன், "எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து ஓடினான். அவளும் முகம் கழுவிவரப் போனாள். கைகழுவும் இடத்தின் வாசலில் முதலாளியம்மா நின்றாள். கூட்டம் எப்படி என்று பார்க்க வந்தவள், அவளைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்னு இருந்தேன். உங்க மனசு யாருக்கு வரும்!"

"எதுக்கும்மா?"

"நீங்களா விட்டுக்கொடுத்தீங்களே, அதுக்குத்தான். பாதிப் படம் போட்டுக் கேட்டேன். காதல் காட்சியில உப்புச் சப்பே இல்லை. உங்களைச் சொல்லல, அவர் பேசுறதுதான் கணக்குக் கேக்குற மாதிரி இருந்தது. ஆம்பளைக் குரலை மாத்திடலாமான்னு யோசிச்சேன். உங்க வீட்டுக்காரர்தான் ஓடி வந்து, 'மேடம், தப்பு என் மேல இல்ல. நாள் பூரா வீட்டுல கேக்குற குரல், அதைக் கேட்டா எனக்கு எப்படிக் காதல் வரும்? வேற பொண்ணைப் போடுங்க, பேசிக் காட்டுறேன்'னாரு. நீங்க சங்கடப்படுவீங்களேன்னு கேட்டேன். 'அவளே சொல்லித்தான் வந்திருக்கேன்'னு சொல்லிட்டாரு."

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் அந்த அம்மாள் இன்னும் பரிவோடு நின்றுகொண்டிருந்தாள். "பரவால்லம்மா" என்று மட்டும் சொன்னாள். கூட்டத்தில் யாரோ சொல்வது போலத்தான் அதுவும் இருந்தது.

கணவன் டீ வரிசையில் நின்றான். அவனைத் தூணுக்குப் பின்னால் அழைத்தாள். கத்துவதற்காக இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவன் உண்மையைச் சொல்லிவிட்டால், மிச்சத்தை வீட்டில் போய் அழுது தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"என் குரலை எடுக்கச் சொன்னது யாருங்க?"

அவன் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு குரல் இறங்கி மிருதுவானது.

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதாம்மா இத்தனை நாள் முழுங்கிட்டிருந்தேன். முதலாளியம்மாதான். உன் குரல் கல்யாணமான குரலா இருக்காம். காதலிக்கிற பொண்ணு மாதிரி இல்லையாம். நான் எவ்வளவோ சண்டை போட்டேன். என் பொண்டாட்டி இல்லாட்டி நானும் இல்லன்னுகூடச் சொல்லிப் பார்த்தேன். பெரிய இடம், என்ன பண்றது?"

"சண்டை போட்டீங்களா?"

"சத்தியமா."

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை படங்களில் இந்தக் குரல் எத்தனையோ பெண்களிடம் சத்தியம் செய்திருக்கிறது. அப்போதெல்லாம், 'அது வேலை. எனக்குச் சொல்வதுதான் நிஜம்' என்று அவள் பிரித்து வைத்திருந்தாள். இப்போது பிரிக்கத் தெரியவில்லை. ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், கடைசி எழுத்தில் அதே சின்ன நடுக்கம்.

"டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாம் பாதியில் கல்யாணமானவர்கள் சண்டை போட்டார்கள், பிரிந்தார்கள், இந்தியில் பாடினார்கள், சேர்ந்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இருட்டில் கணவன் அவள் கைமேல் கை வைத்தான். அவள் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படம் விட்டு வெளியே வந்ததும் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிகள் நிற்கிற இடத்தில் தன்னோடு வேலை பார்த்த பழைய டிரைவர் ஒருவரைப் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

"யோவ், படத்துல பேசுச்சே கதாநாயகி, அது யாரு தெரியுமா? என் மூத்தது! ஹீரோ யாரு? என் மாப்ளே! வீட்டுக்குள்ளயே வெச்சுப் படத்தை முடிச்சிட்டாங்க!"

"அப்படியா! எங்கே, ஒரு வரி பேசும்மா, கேப்போம்" என்றார் டிரைவர்.

"அக்கா, அந்த மழை சீன்ல சிணுங்குவியே, அதைப் பேசுக்கா" என்றாள் தங்கை.

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "ரெண்டு நாளா அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு மாமா. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இன்னொரு நாள் பேசுவா."

அவன் அதைச் சொன்ன லாகவத்தில்தான் அவளுக்கு மனசு விட்டுப்போனது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தும், அவள் எதிரிலேயே, அவள் தொண்டையைக் கட்டிவிட்டான். பேசாமல் இருந்தால் அப்பாவின் பெருமை மிஞ்சும், இவன் மானம் மிஞ்சும், ஊருக்குச் சொன்ன வார்த்தையும் மிஞ்சும். அவன் கண்ணால் கெஞ்சினான்.

"என் தொண்டை நல்லாத்தான் இருக்குப்பா" என்றாள். "அந்தக் கதாநாயகி நான் இல்ல."

"என்னது?" அப்பா காதருகில் கையை வைத்தார்.

அவள் குரலை உயர்த்தினாள். "நான் பேசினதை எடுத்துட்டாங்கப்பா. இது வேற பொண்ணு. கல்யாணத்துல ஒரு அத்தை வாழ்த்துச்சே, அதுதான் நான்."

டிரைவர் மெல்ல ஒதுங்கி, தன் வண்டியைத் தேடுவது போலப் போய்விட்டார். தங்கை அத்தானைப் பார்த்தாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற தங்கை கணவன்கூடச் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் பய எடுத்தான்?" என்றார் அப்பா. "மாப்ளே, நீங்க அங்கதானே இருக்கீங்க? யாரு அவன்? சொல்லுங்க, போய் ரெண்டு வார்த்தை கேக்குறேன்."

"அது வந்து மாமா, மேலிடத்துல..."

"இவருதாம்பா" என்றாள் அவள்.

ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அப்பாவுக்குக் கேட்டிருக்காதோ என்று கணவன் ஒரு கணம் நம்பியிருக்க வேண்டும். அவன் முகத்தில் அது தெரிந்தது. ஆனால் அப்பா மகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலவைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"எனக்குக் காது மந்தம் மாப்ளே. யாரு பேசினதுன்னு எனக்குத் தெரியல. கூடவே குடும்பம் நடத்துறவரு, உங்களுக்குமா அவ குரலோட அருமை தெரியல?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க மாமா. நீயாவது கேளேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். குரல் தழைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹெட்போன் வழியாக வந்து அவளைச் சாய்த்த அதே குரல். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவள் முழுசாகக் கேட்டாள். வேலையில் கேட்பது போல, ஒரு மூச்சு விடாமல் கேட்டாள்.

"நல்லா பேசுறீங்க" என்றாள். "நாளைக்கு முதலாளியம்மாகிட்ட நானே போய்ப் பேசுறேன். நான் விட்டுக்கொடுக்கலன்னு அவங்களுக்குத் தெரியணும்."

அவன் நிறம் மாறியது. "என் பொழப்பைக் கெடுத்துடாதே" என்றான். அது மட்டும் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், கரகரவென்று, அவனுடைய சொந்தக் குரலில் வந்தது.

தங்கை கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். அப்பா முதலில் ஏறி, நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.