ரயில் மேடையில் அலெக்ஸாண்டர்

2009ஆம் ஆண்டு ஏப்ரலில், விடத்தல்தீவைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் என்ற மீன்பிடிகாரர், 1956இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் ரயில் நிலையக் காட்சியில் தோன்றினார். அப்போது அவர் முல்லைத்தீவுக் கரையில் ஏதோ ஒரு பதுங்கு குழியில் இருந்திருக்க வேண்டும். படம் எடுக்கப்பட்ட காலத்தில் அவர் பிறந்திருக்கவேயில்லை. முதலில் அவரைக் கண்டது அவருடைய மனைவி பேர்ணடெற். கண்ட இடம் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணின் பதினேழாம் மாடியில், ஐரிஸ் பெல்தம் என்ற ஆங்கில நடிகையின் வீடு.

ஐரிஸ், ஹல் துறைமுகத்தில் மீன்களுக்கு ஐஸ் விற்றவரின் மகள். இளவயதிலேயே சினிமாவுக்கு வந்தும் கதாநாயகியாகவில்லை. கதாநாயகியின் தோழியாக, தங்கையாக, அவள் அழும்போது பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவளாக நடித்தார். முகத்தில் கோடு விழுந்ததும் தொலைக்காட்சி அவரை எடுத்துக்கொண்டது. ஒரு ஆஸ்பத்திரித் தொடரில் தலைமைத் தாதியாக நடித்த காலத்தில், தெருவில் கண்டவர்கள் தங்கள் மூட்டுவலியை அவரிடம் சொன்னார்கள். பிறகு ஒரு தொடருக்காகக் கனடா வந்தார். தொடர் பாதியில் நின்றது, நின்ற இடத்தில் அவரும் நின்றுவிட்டார். எண்பதுகளில் கட்டடத்துக்குள் தமிழர்கள் நிறைந்தபோது, லிஃப்டுக்குள் கருவாட்டு மணம் என்று முறைப்பாடு கொடுத்தவர் அவர்தான். கொஞ்சக் காலம் போனபின், அந்தக் கருவாட்டைப் பொரித்தது யார் என்று கதவு கதவாகத் தட்டியவரும் அவர்தான்.

பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் அந்த வசந்தத்தில், ஊர் யுத்தச் செய்தி வருமென்று தன் வீட்டு ரீவியைப் போடப் பயந்து, வேலையால் வந்ததும் ஐரிஸிடம் போய் அவருடைய பழைய கசெற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நிலையக் காட்சியில், பெட்டியோடு நிற்கும் இளம் ஐரிஸுக்குப் பின்னால், தொப்பிக்காரர்களுக்கு நடுவே, சாரமும் வெறும் மேலுமாக அலெக்ஸாண்டர் நடந்து போனார். தோளில் ஒரு துணி மூட்டை. ஒவ்வொரு ரயில் பெட்டியின் வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், ஏறவில்லை. பேர்ணடெற் வாய் திறக்க முதல் ஐரிஸ் சொன்னார்: அன்று கூட்டத்துக்கு நிற்க வந்த எல்லாரையும் தனக்கு ஞாபகம் இருக்கிறது, இந்த மனிதர் அதில் இல்லை.

செய்தி பார்லிமென்ட் தெருக் கடைகள்வரை போனது. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் பதாகையோடு நின்றவர்கள், அங்கிருந்து நேரே பதினேழாம் மாடிக்கு ஏறினார்கள். ஆஸ்பத்திரித் தொடரில் தலைமைத் தாதி விறைப்பாக நடந்துபோகும் நடைபாதையின் இருபுறமும், வெறும் தரையில், காயப்பட்டவர்கள் படுத்திருந்தார்கள். படம் கறுப்பு வெள்ளை என்பதால் இரத்தமும் கறுப்பாக இருந்தது. வசனங்களுக்கு அடியில் கடல் இரைந்தது.

"உந்தச் சுவரோரம் நிக்கிறது எங்கட சின்னக்கா எல்லே?"

"தள்ளு அண்ணை, உன்ர மொட்டைதான் தெரியுது."

"அவளேதான். எந்தப் படத்திலயும் முன்னுக்கு வந்து நிப்பாள்."

சிரித்தவர்களே பிறகு அழுதார்கள். மே மாதம் நடுப்பகுதியில் கூட்டம் மிகுந்து, ஐரிஸின் முகத்துக்கு முன்னாலும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு ஆயுட்காலத்து நடிப்பு முதுகுகளுக்குப் பின்னால் மறைந்தது. நாய்களும் குழந்தைகளும் ஒரு பிரபுவின் மகனும் தன்னை மறைத்து நின்றதுண்டு, வேண்டுமென்று செய்யாதவர்கள் இவர்கள் மட்டும்தான் என்றார் ஐரிஸ். சின்னக்கா கமராவை நேரே பார்ப்பதைக் கவனித்தவரும் அவரே. கூட்டத்துக்கு நிற்க வருபவர்களுக்கு முதலில் சொல்வது கமராவைப் பார்க்காதே என்பதுதான். உயிருள்ள மனிதனால் அது முடியாது, ஒருமுறையாவது பார்த்துவிடுவான், அவள் உயிரோடு இருக்கிறாள் என்றார். யூனில் செட்டிகுளம் முகாமிலிருந்து சின்னக்கா ரெலிபோன் எடுத்தாள். அதன் பிறகு எல்லாரும் கண்களை மட்டுமே பார்த்தார்கள்.

அலெக்ஸாண்டர் ஒருமுறையும் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று உலகம் முழுக்க அறிவித்த பின்னும் வாசல் வாசலாக எட்டிப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். உயிரோடிருப்பவருக்கு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்தால் தானே குழிக்குள் தள்ளியதாகிவிடும். இறந்தவருக்கு ஒப்புக்கொடாமல் விட்டால் அவர் மோட்சத்துக்குப் போக முடியாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நின்று தவிப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் பேர்ணடெற் மெலிந்துபோனார். ரெக்ஸ்டேலில் இருந்து அலெக்ஸாண்டரின் தமையன் யேசுரட்ணம் வந்தார்.

"ஆத்துமா அலையக் கூடாது பிள்ளை. கோயிலில பேரைக் குடுப்பம்."

"அவர் இன்னும் பாக்கேல்லை அத்தான்."

"பாக்காட்டி என்னெண்டு அந்த வெள்ளைக்கார அன்ரி சொன்னவதானே."

"பாக்கேல்லை எண்டுதான் நான் சொல்லுறன். பாக்க மாட்டார் எண்டு சொல்லேல்லை."

இலையுதிர்காலத்தில் ஐரிஸ் கதிரையில் இருந்தபடியே இறந்துபோனார். நடிகர் சங்கம் ஒரு மலர்வளையம் அனுப்பியது. சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அடக்கம் முடிந்து வந்த பேர்ணடெற் அந்த ரயில் நிலையக் கசெற்றைப் போட்டார். மேடையில் இப்போது கூட்டம் குறைந்திருந்தது. தோழி ஒருத்தி பேசாமல் நிற்க வேண்டிய இடம் அது; ஐம்பது வருடத்துக்கு மேலாக அப்படியே நின்றவர் ஐரிஸ். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பின்னால் நடந்து போய் அலெக்ஸாண்டரின் வெறும் தோளைத் தொட்டார். அவர் திரும்பினார். பேர்ணடெற் ரீவிக்கு மிக அருகில் போய், அவர் முகம் முழுவதையும் கண்டார். அலெக்ஸாண்டர் பார்த்தது ஐரிஸை மட்டும்தான். ஐரிஸ் மூட்டையை வாங்கிக்கொண்டார். இருவரும் ஒரு பெட்டிக்குள் ஏறினார்கள், ரயில் போனது. கதாநாயகி வெறும் காற்றைப் பார்த்து ஒரு சொல்லும் பிசகாமல் தன் வசனத்தைப் பேசி முடித்தாள்.

அடுத்த ஞாயிறு பேர்ணடெற் கோயிலில் இரண்டு பெயர்களைக் கொடுத்தார்.

"ஐரிஸோ?" என்றார் யேசுரட்ணம். "அவ எங்கட வேதமில்லையே பிள்ளை."

"அவரைத் தனிய விடாமக் கூட்டிக்கொண்டு போனவ அத்தான்."

யேசுரட்ணம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். பாதர் இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் வாசித்தார். கோயிலில் இருந்தவர்கள் இருவருக்குமாகச் சேர்த்து மறுமொழி சொன்னார்கள்.