இருபத்தேழாவது பெயரும் ஒரு ஹொலிச் செடியும்

1

முதலில் ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. பட்டியலைத் தட்டச்சில் அடித்தவன் நான். டொரொண்டோவின் வெக்ஸ்போர்டில் எங்கள் ஆட்களுக்கு விண்ணப்பம், கடிதம், மரண அறிவித்தல் எல்லாம் எழுதிக்கொடுப்பவன். யுத்தம் முடிந்த முப்பத்தோராம் நாள் பூசையில் வாசிப்பதற்காக, வன்னியில் செத்தவர்களின் பெயர்களை எண்ணிட்டு அடித்தேன்.

இருபத்தேழு: செல்வரட்ணம். கிளடிஸின் தம்பி.

2

"அந்த வருடம் டொரொண்டோவில் பனி..." வேண்டாம். கனடாக் கதை எல்லாம் பனியில்தான் தொடங்குகிறது.

கிளடிஸ் மார்க்கம் நகரில் செடி விற்கும் நேர்சரி ஒன்றில் இரண்டு ஹொலிச் செடிகள் வாங்கினாள். முள் இலையும் சிவப்புக் காயுமாய், ஊரில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், மடல்களில் மட்டும் கண்ட செடி. பெண்செடி சிவப்பாய்க் காய்க்க, பக்கத்தில் ஆண்செடி ஒன்று நிற்கவேண்டும். தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பேப்பர்கள் போயிருந்தன. அவன் வந்திறங்கும் நத்தாருக்குக் காய்க்கவேண்டும் என்பது அவள் கணக்கு.

மாசியில், சண்டை நடந்த வன்னிக் கரையில் மாத்தளனிலிருந்து ஒரு முறை பேசினான். பிறகு சத்தமில்லை.

குளிருக்கு ஆண்செடியை அவள் சாக்கால் சுற்றியிருந்தாள்.* சித்திரையில் அவிழ்த்தபோது இலையெல்லாம் கருகியிருந்தது.

(* பாஸ்மதி அரிசிச் சாக்கு. உள்ளே இருந்த பிளாஸ்டிக்கை உரிக்கவில்லை, செடி அவிந்துபோயிற்று. எங்கள் வீடுகளில் எந்தச் சாக்கை வீசியிருக்கிறோம்?)

3

மே பதினெட்டு இந்த வருடம் இங்கே விடுமுறை. ஊர் முழுக்கச் செடி நடும் நாள். தொலைக்காட்சியில் யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். கிளடிஸின் புருஷன் நீக்கிலாப்பிள்ளை எழும்பிப் பின்வளவுக்குப் போய் ஆண்செடியைப் பிடுங்கி எறிந்தார்.

"என்னத்துக்குப் பிடுங்கினனீங்கள்?"

"பட்டதைப் பிடுங்காமல் பூசை வைக்கச் சொல்லுறியோ?"

"யூன் நடுப்பகுதி மட்டும் பொறுக்கச் சொன்னவன் எல்லே, நேர்சரிக்காரன்!"

"அவன் விக்கிறவன். சொல்லுவான்."

கிளடிஸ் அந்தச் செடியை ஒரு குழந்தையைப் போல... இல்லை, வெட்டுகிறேன். அவள் நகத்தால் தண்டைச் சுரண்டினாள். உள்ளே பச்சை. மண்வெட்டியை எடுத்து அதே குழியில் திரும்ப நட்டாள்.

நீக்கிலாப்பிள்ளையைக் கெட்டவனாக்க இரண்டு முறை முயன்றேன், சரிவரவில்லை. ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் மனிசி ஓடுவதை நாலு மாதம் பார்த்த மனிதர். தம்பியின் பெயரை என்னிடம் தந்தபோது, "ஒரு பூசையாவது கிடைக்கட்டும் அண்ணை" என்றார். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

4

நேற்று, பூசைக்கு முதல்நாள், கிளடிஸ் என் கதவைத் தட்டினாள். கையில் மண்.

"அண்ணை, என்ரை தம்பியின்ரை பேரை எடுங்கோ."

"நீக்கிலாப்பிள்ளைதானே தந்தவர், பிள்ளை."

"அவர் செடியையும்தான் பிடுங்கினவர்."

"நாலு மாசமாச்சு..."

"நீங்கள் சுரண்டிப் பாத்தனீங்களோ?"

அவள் போய்விட்டாள். தேத்தண்ணி குடிக்கிறாயோ என்றுகூட நான் கேட்கவில்லை.

5

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) செடி துளிர்க்கிறது. அந்த இரவே தொலைபேசி மணி அடிக்கிறது. (பொய். இப்படி எழுதிய கை அழுகவேண்டும்.)

(ஆ) செடி படுகிறது. கிளடிஸ் கறுப்புச் சேலையோடு தேவாலயத்தின் முன்வரிசையில், முதல் வாங்கில் வந்து இருக்கிறாள். (இது நடக்கலாம். நடக்கலாம் என்பதற்காக நான் அடித்துத்தான் ஏற்கெனவே ஒருவனைச் சாகடித்தேன்.)

செடி நேற்று வரை துளிர்க்கவில்லை. தண்டில் இன்னும் பச்சை இருக்கிறதாம்.

பூசை இன்று ஏழு மணிக்கு. பெயர்களை வாசிக்கச் சொல்லியிருப்பதும் என்னைத்தான். பெயரை எடுத்தால் நீக்கிலாப்பிள்ளை, தன் மைத்துனனுக்கு ஒரு செபமும் இல்லையென்று எழும்பிப் போவார். விட்டால் கிளடிஸ் கேட்டுக்கொண்டிருப்பாள், நான் அவனைக் கொல்வதை.

இருபத்தாறு வரை நான் வாசிக்கிறேன். பிறகு தாளை, இதை வாசிக்கும் உங்களிடம் நீட்டுவேன். அவள் முதல் வாங்கில் இருப்பாள். நகத்துக்குள் மண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாசியுங்கள்.