கயிறு அறுந்த கதை

முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தேன். அதில் நான் ஏறி இறங்கிய மாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தொட்டுவிட்டு, மேலே ஒரு பால்கனியும் மிஞ்சும். இத்தனை வருடத்தில் ஒரு பொய்ச் சான்றிதழில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. வாயால் மட்டும் ஒரே ஒரு பொய் சொன்னேன். அது வீடியோ கேமில் வந்த லிஃப்டைப் பற்றியது.

மூன்று பாகம் கொண்ட விண்வெளி விளையாட்டு அது. நாம்தான் கேப்டன். கிரகம் கிரகமாகப் போய் ஆள் சேர்க்க வேண்டும், பேச வேண்டும், சுட வேண்டும். முதல் பாகத்தில் செய்தது மூன்றாம் பாகம் வரை கூடவே வரும். முதலில் செத்தவன் கடைசிவரை செத்தவன்தான். கப்பலில் இருப்பவர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். இன்ஜின் பார்ப்பவனுக்கு நான் என் மச்சான் பெயரை வைத்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, பல் டாக்டர். மதியத்தில் கிளினிக்கை மூடிவிட்டு நேராக எங்கள் வீட்டு சோபாவுக்கு வந்துவிடுவான். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் நான் ஆடுவேன், அவன் குறை சொல்வான். சம்பளமில்லாத உத்தியோகம் என்றாலும் ஒரு நாள் லீவு போட்டதில்லை.

இருபது வருடத்துக்கு முன் ஒரு மதியம் முதல் பாகத்தின் முடிவுக்கு வந்தோம். ஏதோ ஒரு நிலாவில் சுரங்கம் இடிந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டு லிஃப்ட். ஒன்றில் இன்ஜின்காரனான என் மச்சான், இன்னொன்றில் ஆறு கண் உள்ள ஒரு கூலிப்படைக்காரன். ஒரு லிஃப்டை மேலே கொண்டுவரத்தான் மின்சாரம் இருந்தது. யாரைக் காப்பாற்றுவது? முப்பது விநாடியில் முடிவு சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து, பாதி மரத்த வாயோடு ஒரு நோயாளி காத்திருப்பதாக கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மச்சான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

ஆறு கண்ணனிடம் ஒரு கேடயம் இருந்தது. மலையே வந்து மோதினாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும், அப்படிப்பட்ட கேடயம். நான் அவனைக் காப்பாற்றினேன்.

மச்சான் திரும்பி வந்து கேட்டான். "அத்தான், நான் எங்க?"

"கயிறு அறுந்துடுச்சு மச்சான். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல."

"நீங்களே சொல்றீங்கன்னா சரியாத்தான் இருக்கும். லிஃப்ட் விஷயத்துல உங்க வாக்குக்கு மறுவாக்கு உண்டா?"

இரண்டாம் பாகத்தில் கப்பல் சுவரில் அவன் பெயர் பொறித்த ஒரு தகடு இருந்தது. அதைக் கடந்து போகும் ஒவ்வொருவனும் தொட்டுவிட்டுப் போவான். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. கயிறு அறுந்து தான் வீரமரணம் அடைந்த கதையைக் கல்யாண வீடுகளில் சொன்னான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேச முடியாமல் கிடந்த நோயாளிகளிடமும் சொன்னான். சுமார் நாற்பதாயிரம் கடைவாய்ப் பற்களாவது அந்தக் கதையைக் கேட்டிருக்கும்.

போன மாதம் அவன் கிளினிக்கை மூடி ஓய்வு பெற்றான். மறுநாளே மூன்று பாகமும் சேர்த்துப் புதுப்பித்து வந்த ஒரே டிஸ்க்கோடு வாசலில் நின்றான்.

"முதல்லேர்ந்து ஆடலாம் அத்தான். இந்தத் தடவ நான் கேப்டன். நீங்க பக்கத்துல உக்காந்து குறை சொல்லுங்க."

அந்த நிலா வந்தால் என் பொய் வெளுத்துவிடும். முழங்கால் வலி என்றேன். கண்ணில் பூச்சி பறக்கிறது என்றேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் கன்ட்ரோலர் பேட்டரியை ஒளித்து வைத்தேன்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, சர்க்கரை டப்பாக்குள்ள பேட்டரி இருக்கு. எறும்புக்குக் கரண்ட் குடுக்குறீங்களா?"

மச்சான் இன்ஜின்காரனுக்கு மறுபடி தன் பெயரையே வைத்தான். எட்டாம் நாள் அந்த நிலா வந்தது. சுரங்கம் இடிந்தது. திரையில் இரண்டு பெயரும் வந்து நின்றன. யாரைக் காப்பாற்றுவது? மச்சான் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, எக்ஸ்ரே பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தான்.

"அத்தான்."

"ம்."

"கயிறு அறுந்துச்சுன்னீங்க."

"பழைய கேம்ல அறுந்துச்சு. புதுசுல மாத்திட்டானுங்க போல."

"கயிறே இல்லையே அத்தான். காந்தத்துல ஓடுற லிஃப்ட் இது. அங்க பலகையிலயே எழுதியிருக்கு."

எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. முப்பத்து நான்கு வருடம் கயிறு தடவிய கை, இதைக் கவனிக்கவில்லை.

"இவர் அழுத்துனத நான் பாத்தேன். அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி. "செத்துப் போனதுல நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தடா. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மச்சான் கன்ட்ரோலரை சோபாவில் வைத்தான். செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

தினமும் காலை பத்து மணிக்கு அவன் போன் வரும். விஷயம் ஒன்றும் இருக்காது, ஆனால் வரும். மூன்று நாள் வரவில்லை. நான் செய்தால் எடுக்கவில்லை. போன் பழுதாகிவிட்டதோ என்று என் மனைவியை அடுத்த அறையிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். அது கணீரென்று அடித்தது.

நான்காம் நாள் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தான், தன்னைக் காப்பாற்றினான், ஆறு கண்ணனைப் பாதாளத்துக்கு அனுப்பினான், இரண்டாம் பாகத்தைத் தொடங்கினான். இருபது வருடமாக வாழாமல் விட்ட வாழ்க்கையைப் பார்க்கும் ஆவலில் கப்பலின் அடித்தளத்துக்கு ஓடினான். இன்ஜின் அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான் இன்ஜின்கார மச்சான்.

"கேப்டன், வேலை இருக்கிறது. அப்புறம் வாருங்கள்."

அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் அதே வரி. ஒரு நானூறு தடவை அழுத்தியிருப்பான். கப்பலில் மற்ற எல்லோருக்கும் காதல், பகை, தொலைந்து போன அண்ணன் என்று ஏதாவது ஒன்று இருந்தது. இவனுக்கு வேலை இருந்தது. மேலே போய்ப் பார்த்தான். தகடு இருந்த சுவர் மொட்டையாக நின்றது.

"இதுக்கு நான் செத்தே இருக்கலாம்" என்றான்.

சோபாவில் குறை சொல்லும் உத்தியோகம் இப்போது என்னுடையது. முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தைவிட அது கஷ்டமாக இருந்தது.

முதல் பாகத்தில் சேமித்து வைத்திருந்த பழைய இடத்துக்குத் திரும்பினான். அந்த நிலா மறுபடி வந்தது. இந்த முறை ஆறு கண்ணன் பெயரை அவனே அழுத்தினான். இருட்டுக் குழிக்குள்ளிருந்து இன்ஜின்காரன் தன் கடைசிப் பேச்சைப் பேசினான். கிளினிக்குக்கு ஓடியதில் மச்சான் கேட்காமல் விட்ட பேச்சு அது. முழுதாக ஒரு நிமிடம். கேப்டன்மேல் கோபமில்லை என்று முடிந்தது.

"இவ்வளவு நல்லாவா பேசினேன்?"

"பேசின. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"பொய்."

"ஆமா."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். "எனக்கு சர்ட்டிபிகேட் வேணும் அத்தான். நீங்க எழுத்துல பொய் சொன்னதில்லைன்னு ஊரே சொல்லுதே. எழுதுங்க."

அலமாரியில் பழைய ஆய்வுப் படிவம் ஒன்று மிச்சமிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன்.

இடம்: நிலா. கயிறு: கிடையாது. அறுந்தது: இல்லை. லிஃப்டின் நிலை: நல்ல நிலை. விபத்துக்குக் காரணம்: கேப்டன்.

கையெழுத்துப் போட்டேன். மச்சான் இரண்டு முறை படித்தான். தேதியையும் போடச் சொன்னான், அன்றைய தேதியை அல்ல, இருபது வருடத்துக்கு முந்தியதை. அது விதிமுறைக்கு விரோதம் என்றேன்.

"சரி, இன்னிக்குத் தேதியே போடுங்க" என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன் வந்தது. விஷயம் ஒன்றும் இல்லை.