சீப்பில் விழாத முடி

நல்லமுத்து தலை சீவி முடித்ததும் காளியம்மா சீப்பை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று வாரமாக இதே வேலைதான். இன்றும் இரண்டே முடி. ஐம்பத்து நாலு வயது மனிதனுக்கு வியாதி இல்லாமலே இவ்வளவு உதிரும்.

போன வருஷம், தொண்ணூற்றேழில், அவள் அக்கா பவானேஸ்வரிக்கு மார்பில் புற்று வந்து மருந்து ஏற்றியபோது தலையணையெல்லாம் முடி. புருவம்கூட மிஞ்சவில்லை. ஆனால் அக்கா இன்றைக்கும் ரெம்பியா பாசாரில் கீரை விற்கிறாள். முடி கொட்டினால்தான் மருந்து பிடித்திருக்கிறது என்பது தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் சொல்வது. தன் புருஷனின் கழுத்துக் கட்டிக்கு மட்டும் வெறும் தண்ணீரை ஏற்றி அனுப்புகிறார்களோ என்று காளியம்மா பயந்தாள்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் தாதி ஹாஜரா பொறுமையாகச் சொல்லத்தான் செய்தாள். "இது கட்டிய மட்டும் தேடிப் போற மருந்தும்மா. முடியத் தொடாது. ஆனா இன்னும் சோதனையிலதான் இருக்கு. குணமாயிரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

வாரம் ஒரு தடவை நரம்பில் ஏற்றும் டிரிப், மொத்தம் நாலு. வேண்டாமென்றால் எப்போதும் நிறுத்திக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. கழுத்துக் கட்டி மெதுவாக வளரும் ஜாதியாம். மெதுவாக வந்தாலும் வந்து சேராமலா போகும்?

"நாளைக்கு நாலாவது டிரிப்புக்குப் போக வேணாங்க. அக்காவுக்குக் குடுத்த மருந்தையே கேப்போம்" என்றாள்.

நல்லமுத்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலோர் காஜா பக்கம் போனான். மத்தியானம் திரும்பி வந்தவனைப் பார்த்து அவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். தலை மழுமழுவென்று மொட்டை. மேலே ஈரச் சந்தனம்.

"கொட்டணும்னுதானே ஒத்தக்கால்ல நின்ன? கொட்டியாச்சு லா. மாரியம்மன் கோயில்ல குடுத்துட்டேன். பேக்க எடுத்து வையி, காலைல பஸ்ஸு ஆறு மணிக்கு."

"உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு."

"வெளையாட்டு இல்ல காளி. மொத டிரிப்புல குளுருல நடுங்கினேனே, நீதானே கையப் புடிச்சுக்கிட்டு இருந்த. வெறும் தண்ணிக்கா ஒடம்பு அப்படித் தூக்கிப் போடும்?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காதோரம் வழிந்த சந்தனத்தைத் துடைக்கப் போன கை, தானாகக் கழுத்துக்கு இறங்கியது. முதல் வாரம் கட்டி நெல்லிக்காய் அளவு இருந்தது. விரல் மெல்லத் தேடியது. இருக்கிறது, அங்கேதான் இருக்கிறது. சிறுத்திருக்கிறதா, தன் ஆசைதான் அப்படிச் சொல்கிறதா, அவளுக்குத் தெரியவில்லை.

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நல்லமுத்து கண்ணை மூடிக் காத்திருந்தான். அவள் விரலை எடுக்கவில்லை. சந்தனம் அதில் காய்ந்துகொண்டிருந்தது.