சர்வேயர் வீட்டு டிவி

குத்தாலிங்கம் முப்பது வருஷம் நிலம் அளந்த சர்வேயர். பென்ஷன் வாங்கும் இந்த வயதிலும் டேப் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். தென்காசிக் கடையில் முப்பத்திரண்டு இன்ச் டிவி அவருக்குச் சிறிதாகப் பட்டது. ஐம்பத்தைந்து கைக்கு எட்டவில்லை. இருபத்தைந்தாயிரத்துக்குள் அடங்கிய நாற்பத்து மூன்று இன்ச் டிவியின் அகலத்தை டேப் வைத்து அளந்தார். முப்பத்தெட்டுதான் வந்தது.

“மிச்ச அஞ்சு இன்ச்ச எங்கன வச்சிருக்கிய?”

விற்பனையாளர் எபனேசர் சிரித்தார். “டிவிய மூலைக்கு மூலைதான் அளப்பாங்க, அண்ணாச்சி.”

“மனைக்கு முகப்பு நாப்பதடின்னு சொல்லிட்டு, மூலைக்கு மூலை அளந்து காட்டுனா எவன்வே வாங்குவான்?”

எந்தக் கடைக்குப் போனாலும் இதே அநியாயம்தான் என்று தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். ஆனால் மாட்ட வந்த ஆளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: எப்படி அளந்து விற்றார்களோ அப்படியே மாட்ட வேண்டும். இலஞ்சி வீட்டுச் சுவரில் டிவி ஒருக்களித்துத் தொங்கியது. எதிரெதிர் மூலைகள் ஒரே மட்டத்தில் நிற்க, குறுக்கே அளந்தார். அட்சரசுத்தமாக நாற்பத்து மூன்று.

“கழுத்து வலிக்குது” என்றாள் மனைவி சொக்கம்மாள்.

“வலிக்கட்டும். குடுத்த காசுக்கு முழுசாப் பாக்கோம்லா?”

ஒரு மாதம் இருவரும் தலையைச் சாய்த்தே செய்தி பார்த்தார்கள். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். மெயின் அருவியை ஏறிட்டுப் பார்த்த சொக்கம்மாள் திடுக்கிட்டாள்.

“என்னங்க, அருவி கோணலா விழுது!”

அவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு டேப்பை உருவினார்.